கை பார்க்கட்டும்: பால்வாடி நாட்குறிப்பு

ஜூன் 9, திங்கள்

பர்கூர் பக்கம் கல் பட்டறையில் வேலை செய்கிற ஒரு அப்பா, கழித்துப் போட்ட கிரானைட் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். விளிம்பையெல்லாம் அவரே தேய்த்து மழுக்கியிருக்கிறார். சில துண்டுகளுக்குப் பாலிஷ் போட்டிருக்கிறது, சில அறுத்தபடியே சொரசொரவென்று இருக்கின்றன. அளவும் எடையும் ஏறக்குறைய ஒன்று.

பிள்ளைகள் தொட்டுப் பார்த்துப் பிரித்துப் பழக இதைவிட நல்ல சாமான் எனக்குக் கடையில் கிடைக்காது. பத்து விதப் பொருளை முன்னால் கொட்டினால் பிள்ளைகள் நிறத்தைப் பார்த்தே பிரித்துவிடுவார்கள், தொட வேண்டிய தேவையே வராது. மாண்டிசோரி அம்மையார் முறையில் வரும் சொரசொரப்புப் பலகைகளும் இந்தக் கணக்குதான்: மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கும், ஒன்றே ஒன்று மாறும். அவர் 1939-ல் அடையாறுக்கு வந்து பயிற்சி கொடுத்தவர்.

ஜூன் 10, செவ்வாய்

முதலில் வெதுவெதுப்பான நீரில் கை கழுவினோம். பிறகு கண்ணை மூடி, விரல் நுனியால் மெதுவாக, பூனையைத் தடவுகிற மாதிரி. அழுத்தினால் சொரசொரப்பு சரியாகத் தெரியாது.

ஒரு பெண்பிள்ளை கல்லைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "டீச்சர், ஜில்லுனு இருக்குது" என்றாள். நான் கேட்டது வழுவழுப்பா சொரசொரப்பா என்று. அவள் கண்டுபிடித்தது வேறு. மரக்கட்டையும் இரும்புக் கரண்டியும் கொடுத்தேன். கல்லையும் கரண்டியையும் ஒரு பக்கம், கட்டையை மறுபக்கம் வைத்தாள். மூன்றும் ஒரே அறையில் ஒரே வெப்பத்தில்தான் இருந்தன. கல்லும் இரும்பும் கைச்சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கின்றன, மரம் அப்படி இழுப்பதில்லை. நாலு வயதுக்கு அந்த விளக்கம் வேண்டாம். அவளாகவே பிரித்தாளே, எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

மஞ்சப்பை விளையாட்டு. சின்னப் பிள்ளைகள் கண்ணைக் கட்டினால் பயப்படுவார்கள், பைக்குள் கை விடச் சொன்னால் சிரிப்பார்கள். உள்ளே மாங்கொட்டை, தேங்காய் ஓடு, பீர்க்கன் நார், புழு நீக்கிய பட்டுக்கூடு. வெளியே அதே நான்கும் இருக்கும். காட்டியதை உள்ளே தேடி எடுக்க வேண்டும்.

அதிகம் பேசாத ஒரு பையன். பைக்குள் அவன் கை போன போக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாரைத் தேய்த்தான், ஓட்டின் விளிம்பைச் சுற்றி வந்தான், கூட்டை அமுக்கினான், பிறகு வெளியே எடுத்து உள்ளங்கையில் ஏந்தினான். மேற்பரப்பை அறியத் தேய்ப்பது, வடிவத்தை அறிய விளிம்பைத் தொடர்வது, கெட்டியா என்று அறிய அமுக்குவது, எடையை அறிய ஏந்துவது. லெடர்மன், கிளாட்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 1987-ல் இதை விரிவாக எழுதினார்கள். கையைப் பார்த்தாலே பிள்ளை என்ன தேடுகிறது என்று தெரிந்துவிடும். அவன் ஏந்திய பிறகுதான், "லேசா இருக்குதா சாமி?" என்றேன். மறு கையில் மாங்கொட்டையை எடுத்து, "இது லேசில்ல" என்றான்.

ஜூன் 13, வெள்ளி

ஆயாம்மா குன்றிமணி கொண்டுவந்தார். அழகுதான், ஆனால் வேண்டவே வேண்டாம் என்றேன். குன்றிமணியும் ஆமணக்குக் கொட்டையும் விஷம், மென்றால் உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டை மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் போய்ச் சிக்கும். சுமார் 3 செ.மீ. அகல வளையத்துக்குள் நுழையும் எதையும் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களிடம் கொடுக்கக் கூடாது. பட்டுக்கூடும் அப்படித்தான். பெரிய பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது.

ஜூன் 16, திங்கள்

பிசைந்த கேழ்வரகு மாவு. ஒரு பிள்ளை கையை இழுத்துக்கொண்டது. வற்புறுத்தவில்லை, ஸ்பூன் கொடுத்தேன். கிளறிக்கொண்டே இருந்து கடைசியில் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தது. கூட்டிப்போக வந்த அம்மாவிடம், "வீட்லயும் கட்டாயப்படுத்தாதீங்க, களி கிண்டுறதுக்கு முன்னாடி உலர்ந்த மாவை முதல்ல தொடக் குடுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.