ரத்தம் போய்ட்டு இருக்கும்போதே ஸ்கேன் எடுக்கணும்

ரேடியாலஜில நைட் டியூட்டி பாக்குறவங்களுக்கு இந்த போன் பழக்கமானது, மலத்துல ரத்தமா போகுது, பிபி இறங்குது, எங்கேருந்து வருதுன்னு தெரியல, சிடி எடுக்கலாமான்னு கேப்பாங்க. நான் முதல்ல திருப்பிக் கேக்குறது, இப்ப போய்ட்டு இருக்கா இல்ல காலைல போனதா?

குடல்ல வர்ற ரத்தக்கசிவு ஒரே சீரா வராது, கொட்டும், தானா நிக்கும், மறுபடி ஆரம்பிக்கும். நரம்புல டை, அதாவது படத்துல வெள்ளையா தெரியுற மருந்து, ஏத்தி ரத்தக்குழாய்களப் பாக்குற ஸ்கேன்தான் சிடி ஆஞ்சியோ. அதுல தேடுறது ரத்தக்குழாயிலேருந்து அந்த டை வெளிய வந்து குடலுக்குள்ள தேங்குற ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு. நிமிஷத்துக்கு 0.3லேருந்து 0.5 மில்லி கசிஞ்சாலே அது தெரிஞ்சிடும், ஆனா டை ஓடுற அந்தக் கொஞ்ச நேரத்துல கசிவு நின்னிருந்தா ஒண்ணுமே தெரியாது.

டை போடாம முதல்ல ஒரு தடவை எடுக்குறோமே, அது வீண் இல்ல. முழுங்குன மாத்திரை, முன்னாடி சிகிச்சைல போட்ட உலோக கிளிப், கெட்டியான மலம் எல்லாமே வெள்ளையாத்தான் தெரியும், அது முன்னாடியே இருந்துச்சான்னு பாக்கத்தான் அந்தப் படம். அப்புறம் தமனில டை இருக்கும்போது ஒண்ணு, கொஞ்சம் கழிச்சு இன்னொண்ணு. ரெண்டாவதுல பொட்டு பெருசாயிருந்தாலோ எடம் மாறியிருந்தாலோ ரத்தம் இப்பவே போகுதுன்னு அர்த்தம். தயவுசெஞ்சு வாய் வழியா டை குடுத்து அனுப்பாதீங்க, குடல் பூரா வெள்ளையாயிட்டா அந்தப் பொட்டை எங்க போய்த் தேடுறது?

ரத்த வாந்தி, கருப்பா மலம்னா பெரும்பாலும் மேல வயித்துக் கசிவு, அதுக்கு முதல்ல எண்டோஸ்கோபிதான். ஆனா மேல வயித்துல வேகமா கொட்டுனா கீழயும் சிவப்பாவே வரும், அத மறந்துடக் கூடாது.

நோயாளியோட சிவப்பணுவுலயே டெக்னீசியம்-99எம்ங்கற கதிரியக்கப் பொருள ஒட்டி எடுக்குற நியூக்ளியர் ஸ்கேன் நிமிஷத்துக்கு 0.1 மில்லி கசிவக் கூட காட்டும், அந்தப் பொருளோட அரை ஆயுள், அதாவது கதிர்வீச்சு பாதியா குறையுற நேரம், 6 மணி நேரம்ங்கறதால விட்டு விட்டு வர்ற கசிவுக்கு காத்திருந்து பாக்கலாம். ஆனா குடல் அசையும்போது ரத்தமும் கூடவே நகந்துடும், அதனால எடம் துல்லியமா சொல்றது கஷ்டம், பிபி நிக்காதவங்கள அவ்ளோ நேரம் அந்த மெஷின்ல படுக்க வெக்கவும் முடியாது. ரத்தக்குழாய்க்குள்ள மெல்லிய குழாய் விட்டுப் பாக்குற கதீட்டர் ஆஞ்சியோவுக்கு நிமிஷத்துக்கு 0.5லேருந்து 1 மில்லி வரைக்கும் கசிவு வேணும், ஆனா எடம் தெரிஞ்சா அங்கயே காயில்ங்கற சின்ன உலோகச் சுருள வெச்சு ரத்தக்குழாய அடைச்சிடலாம், அதுக்குத்தான் இவ்ளோ ஓட்டமும்.

எனக்கு இன்னும் மனசுல கெடக்குற கேஸ் ஒண்ணு இருக்கு. டை கிட்னியப் பாதிக்குமோன்னு, கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்னு காத்திருந்து எடுத்த சிடில கசிவு இல்ல. "ஸ்கேன் எடுத்த நேரத்துல கசிவு தெரியல"ன்னுதான் ரிப்போர்ட் எழுதுனேன், வார்டுல அது "நார்மல்"னு ஆயிடுச்சு, வீட்டுக்காரங்களும் நிம்மதியாயிட்டாங்க. விடியறதுக்குள்ள மறுபடி கொட்டுச்சு. இந்த தடவ யாரும் காத்திருக்கல, நேரா சிடி டேபிளுக்கு வந்தாங்க, வலது பக்கப் பெருங்குடல்ல ஒரு டைவர்டிகுலம் (குடல் சுவர்ல வெளிய பிதுங்குற சின்னப் பை) பக்கத்துல பொட்டு பளிச்சுனு தெரிஞ்சுது. காயில் வெச்சாங்க, பொழச்சுக்கிட்டார். உயிர் போற மாதிரி கொட்டும்போது கிட்னி ரிசல்ட்டுக்காக நிக்காதீங்கன்னு அன்னிலேருந்து ஜூனியர்ஸ்கிட்ட சொல்லிட்டே இருக்கேன்.

கூட இருக்குறவங்க ரெண்டு விஷயம் பாத்து வெச்சுக்கோங்க, கடைசியா ரத்தம் போனது எத்தன மணிக்கு, ரத்தம் உறையாம இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா. கேஸ் ஷீட்ல இல்லன்னாலும் நீங்களே வந்து சொல்லுங்க.