எங்கள் தெருவின் எண்பது பக்க நோட்டு

ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி முடியும் தறுவாயில், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் வரும் ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், எங்கள் தெருக்காரர்கள் நான்கைந்து பேர் ஓர் எண்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறோம். தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் செம்பரம்பாக்கத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்த ஏரியின் உபரிநீர் திருநீர்மலைக்கு அருகில்தான் அடையாற்றில் சேர்கிறது. நாங்களோ அதற்கு மேற்புறத்தில் இருக்கிறோம். எங்கள் வீடுகளுக்குள் புகுந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் போன்ற ஏரிகள் நிரம்பி வழிந்து வந்த தண்ணீர். பெரிய ஏரி என்றால் மதகைத் திறக்கப் போவதாக ஓர் அறிவிப்பாவது வரும். இந்த ஏரிகளுக்கு அப்படி எதுவும் கிடையாது. கலங்கல் வழியத் தொடங்கினால் வழிந்ததுதான். ஆகவே, எங்கள் தண்ணீரை நாங்களே கவனித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை என்பது அந்த இரவில்தான் புரிந்தது.

அதற்காக நாங்கள் செய்த முதல் வேலை மிகவும் எளியது. தெருமுனைச் சிறுபாலத்தின் பக்கச்சுவரில் சிவப்புப் பெயின்டால் மூன்று கோடுகள் போட்டோம். தண்ணீர் முதல் கோட்டைத் தொட்டால் வண்டிகளை மேட்டுச் சாலைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். இரண்டாவதைத் தொட்டால் கீழ்வீட்டுக்காரர்கள் மாடிக்கு ஏற வேண்டும். மூன்றாவதற்கு முன்பே மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலுள்ள மெயின் சுவிட்சை அணைத்திருக்க வேண்டும். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் டார்ச் விளக்கோடு போய்ப் பார்த்து வருவார். விசில் ஊதினால் எல்லோருக்கும் பொருள் தெரியும்.

நோட்டுக்கு வருகிறேன். அதில் ஒவ்வொரு கீழ்வீட்டுக்கும் நேரே ஒரு மாடிவீட்டின் பெயர் எழுதப்பட்டிருக்கும். 2015இல் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்ற தயக்கத்திலேயே பலர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள். பத்து வருடம் எதிரெதிரே வாழ்ந்தவர்களுக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. பெயரை முன்கூட்டியே எழுதிவிட்டால் அது உதவி கேட்பதாக இல்லாமல் ஏற்பாடாக ஆகிவிடுகிறது. இதைத் தவிர, யார் டயாலிசிஸ் செய்துகொள்கிறார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறார், யாருடைய இன்சுலினுக்கு மின்சாரம் போனால் மண்பானைக் குளிர்ச்சி தேட வேண்டும், பூட்டிய வீட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பவையும் அதில் உண்டு. மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டத்தின் 1077 ஆகிய எண்கள் அட்டையிலேயே இருக்கின்றன. இவற்றையெல்லாம் கைபேசியில் வைத்துக்கொள்ளலாமே என்று இளைஞர்கள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். டவர் விழுந்து, சார்ஜும் தீர்ந்துபோன இரவைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை.

பொருள்களைச் சேர்ப்பதில் நாங்கள் செய்த தவறுகள் பல. வெளியிலிருந்து வருகிற உதவியைப் பற்றிய என் எண்ணமே 2018 நவம்பரில்தான் மாறியது. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த சில நாட்களில், நண்பர்களோடு ஒரு சிறு லாரியில் பழைய துணிகளை நிரப்பிக்கொண்டு போயிருந்தேன். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்திருந்த நேரம் அது. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, அதைக்கொண்டு மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்த ஊர்க்காரர் ஒருவர், மூட்டைகளைப் பார்த்துவிட்டு, “துணியெல்லாம் போதும் தம்பி, தார்ப்பாயும் கொசுவத்தியும் இருக்கா?” என்று கேட்டார். எங்களிடம் இரண்டுமே இல்லை. ஊருக்கு வெளியே சாலையோரத்தில் ஏற்கெனவே துணி மூட்டைகள் மழையில் நனைந்து கிடந்தன.

அதன் பிறகு எங்கள் சந்தாப் பணத்தில் வாங்குவது கயிறு, பிளீச்சிங் பவுடர், குளோரின் மாத்திரை, தார்ப்பாய் ஆகியவைதான். வெள்ளம் வடிந்த பிறகு முதலில் கெடுவது சம்ப்புத் தண்ணீர். கழிவுநீர்த் தொட்டி நிரம்பி அதில் கலந்திருக்கும் என்பதால், இறைத்துக் கழுவி பிளீச்சிங் போடும் வரை யாரும் மோட்டாரைப் போடக் கூடாது. ஒரு லாரி டியூபும் வைத்திருக்கிறோம். இரண்டு ஆண்டுகள் அதைப் பெருமையோடு காட்டிவிட்டு, மூன்றாம் ஆண்டு ஊதிப் பார்த்தபோதுதான் ஓட்டை இருப்பது தெரிந்தது.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையைக் கொட்டியபோது நோட்டு உண்மையாகவே பயன்பட்டது. இரண்டாவது கோட்டைத் தண்ணீர் தொடுவதற்குள் கீழ்வீடுகள் எல்லாம் காலியாகிவிட்டன. மாடிகளில் பொதுச் சமையல் நடந்தது. ஆனால் தெருவின் கடைசி மனையில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்த கட்டடத் தொழிலாளர் குடும்பங்கள் நோட்டில் இல்லை. விசிலுக்கு என்ன பொருள் என்று அவர்களிடம் எவரும் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் காலை, அடுக்கி வைத்த செங்கல்லின் மேல் குழந்தைகளை உட்காரவைத்துவிட்டு அவர்கள் நின்றிருந்ததைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. வாக்காளர் பட்டியலைப் போலவே நாங்களும் சொந்த வீட்டுக்காரர்களையும் வாடகைக்காரர்களையும் மட்டும் எண்ணியிருக்கிறோம்.

அடுத்த புரட்டாசியில் முதலில் அந்த மனைக்குத்தான் போனோம். பழைய குடும்பங்கள் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தன. புதிதாக வந்திருந்தவர்களிடம் அரைகுறை இந்தியில் பேசி, ஆறு பெயர்களை எழுதி, அவர்களுக்கு நேரே என் மாடியையும் பக்கத்து மாடியையும் குறித்தோம். அவர்களில் ஒருவர் விசிலை வாங்கி இரண்டு முறை ஊதிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.