14 மெகாஹெர்ட்ஸில் ஒரு வாரயிறுதி

24 அக்டோபர் 2025, வெள்ளி

நாளை சிங்கப்பூர் நேரம் காலை 8 மணிக்குச் சீக்யூ உலகளாவிய போட்டியின் குரல் பிரிவு தொடங்குகிறது. ஹாம்கள், அதாவது பொழுதுபோக்காக வானொலி நிலையம் இயக்குபவர்கள், பிற நாட்டு நிலையங்களோடு தொடர்புகொண்டு புள்ளி சேர்க்கும் போட்டி இது. திங்கள் காலை 8 மணி வரை, 48 மணி நேரம் நீடிக்கும். 160, 80, 40, 20, 15, 10 மீட்டர் அலைவரிசைகளில் மட்டுமே அது நடைபெறும். 1979ஆம் ஆண்டு உலக வானொலி மாநாட்டில் ஹாம்களுக்குக் கிடைத்த 30, 17, 12 மீட்டர்களில் போட்டி நடத்துவதில்லை என்ற மரபு உலகெங்கும் காக்கப்படுகிறது. ஆகவே நாகப்பட்டினத்து நண்பரிடம், இரண்டு நாளைக்கு 18.130 மெகாஹெர்ட்ஸில் சந்திக்கலாம் என்று சொல்லி வைத்தேன். 17 மீட்டரில் பகல் வேளையில் வங்கக் கடலைத் தாண்டுவது எளிது.

ஆனால் இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் ஹாம் பெரியவருக்கு இந்த யோசனை உதவாது. வீவக அடுக்குமாடி வீட்டின் சன்னலோரம் அவர் பொருத்தியிருக்கும் ஆண்டெனா 20 மீட்டருக்கு மட்டுமே ஒத்திசைந்தது. அதற்கு மேல் ஒரு கம்பி கட்ட அங்கே இடமில்லை. பேச விரும்புகிறவர்கள் வேறு அலைவரிசைக்குப் போகட்டும் என்று சொல்பவர்கள் இப்படிப்பட்டவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

25 அக்டோபர், சனி

காலையில் 10 மீட்டரைச் சுற்றி வந்தேன். 28 மெகாஹெர்ட்ஸிலிருந்து 29.7 வரை நீளும் அந்தப் பரப்பில் எத்தனை பேர் வந்தாலும் இடம் இருக்கிறது. பேசுகிறவர்களும் போட்டியாளர்களும் ஒருவரையொருவர் தொடாமலே இருக்கலாம். 14 மெகாஹெர்ட்ஸிலிருந்து 14.35 வரை, மொத்தமே 350 கிலோஹெர்ட்ஸ் உள்ள 20 மீட்டரில்தான் நெருக்கடி. அதிலும் ஒரு பகுதி மோர்ஸ் தந்திக்கும் கணினிவழி எண்ணியல் முறைகளுக்கும் போய்விட, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.7 கிலோஹெர்ட்ஸ் அகலம் கொண்ட குரல்கள் எஞ்சிய இடத்தில் தோளோடு தோள் உரசி நிற்கின்றன.

இரவு 8 மணிக்கு 14.320இல் சீநெட் கூடியது. தென்கிழக்காசிய ஹாம்கள் 1964 முதல் நடத்திவரும் அன்றாடச் சந்திப்பு அது. ஈசூன் பெரியவர் தம் அழைப்புக்குறியைச் சொல்லி முடிப்பதற்குள், இரண்டு கிலோஹெர்ட்ஸ் கீழே ஐரோப்பிய நிலையம் ஒன்று போட்டிக்காகச் சீக்யூ, அதாவது யாரேனும் பதில் தாருங்கள் என்று, அழைக்கத் தொடங்கியது. பெரியவரின் மெல்லிய குரல் அதில் மூழ்கிவிட்டது. அந்த நிலையத்தை இயக்கியவர் மரியாதை தெரியாதவர் அல்லர். இந்த அதிர்வெண் பயன்பாட்டில் உள்ளதா என்று இருமுறை கேட்டுவிட்டுத்தான் தொடங்கினார். சீநெட் ஒருங்கிணைப்பாளரோ அந்த நொடியில் வலுவற்ற வேறொரு நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. நமது பேச்சு அந்த ஐரோப்பியருக்கு எட்டியிருக்கவும் வாய்ப்பில்லை. 20 மீட்டர் அலை அயனி மண்டலத்தில் எங்கே எதிரொலித்து எங்கே இறங்குகிறதோ, அங்கே இருப்பவருக்குத்தான் அது கேட்கும். தன் காதுக்கு வெறுமையாகத் தோன்றும் இடத்தில் இன்னொருவர் பேசிக்கொண்டிருக்கலாம் என்ற நினைவு போட்டியாளருக்கு வேண்டும். அதுபோலவே, யாராவது கேட்டவுடன் பேச்சை நிறுத்தி, ஆம், பயன்பாட்டில் உள்ளது என்று தெளிவாகச் சொல்லும் பழக்கம் நமக்கும் வேண்டும்.

எந்த அதிர்வெண்ணும் யாருக்கும் சொந்தமன்று என்பதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் ஹாம்களின் உலக அமைப்பு பிரித்துள்ள மூன்று மண்டலங்களுள், ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் அடங்கிய முதல் மண்டலத்தின் அலைவரிசைத் திட்டம், 20 மீட்டர் குரல் போட்டிகளுக்கு உகந்த பகுதியாக 14.125 முதல் 14.300 வரையே குறிக்கிறது. 14.300 அவசரகாலத் தொடர்புக்கான மைய அதிர்வெண். அதற்கு மேலே உள்ள 50 கிலோஹெர்ட்ஸ் பேச்சுக்கு எஞ்சுகிறது. மூன்றாம் மண்டலத்தில் இருக்கும் நாமும் அந்த எல்லையை மதித்தால் பெரியவர் ஓரங்கட்டப்பட மாட்டார் என்பதே என் உறுதியான கருத்து.

26 அக்டோபர், ஞாயிறு

தேக்காவில் மதிய உணவின்போது, போட்டியில் முழுமூச்சாக இறங்கியிருக்கும் இளைஞரைச் சந்தித்தேன். ஒரு மணி நேர ஓய்வுக்கு வந்திருந்தார். "அண்ணே, ஆசியாவுக்குள்ள தொடர்பு கெடச்சா ஒரு புள்ளிதான். ஐரோப்பாவுக்கு மூணு. சாயங்காலம் 20 மீட்டர விட்டா எனக்கு வேற வழி இல்ல," என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 14.300க்கு மேல் போகாமல் அழைக்க முடியுமா என்று கேட்டேன். இன்றிரவு முயல்வதாகச் சொன்னார்.

போட்டியைக் குறைத்துப் பேசும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2004 டிசம்பரில் தொலைதூரத் தொடர்புகளுக்காகப் அந்தமானின் போர்ட் பிளேர் சென்றிருந்த இந்திய ஹாம் பாரதி பிரசாத்தின் குழுவினர், ஆழிப்பேரலை தாக்கியதும் அதே கருவிகளை அவசரச் செய்திகளுக்குத் திருப்பினார்கள். இரைச்சலுக்கு நடுவே மெலிந்த குரலைப் பிரித்தெடுத்து, ஒரே முறையில் பிழையின்றிக் குறித்துக்கொள்ளும் திறன் நெரிசலில் இயக்கித்தான் வரும். அச்செய்தி போய்ச் சேரவேண்டிய ஊரில் யார் எந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதோ, அன்றாடம் பேசிப் பழகியவர்களுக்கே தெரியும்.

27 அக்டோபர், திங்கள்

நேற்றிரவு சீநெட்டில் பெரியவர் தஞ்சாவூர் நண்பருடன் தடையின்றிப் பேசினார். இளைஞர் 14.250க்கு அருகே கடைசிவரை இருந்தார். அங்கே நெரிசல் கடுமையாக இருந்தபோதும் ஐரோப்பா கிடைத்தது என்று இன்று காலை செய்தி அனுப்பினார்.

அடுத்து நவம்பர் 29, 30இல் இதே போட்டியின் தந்திப் பிரிவு. அது அலைவரிசைகளின் கீழ்ப்பகுதியில் நடப்பதால் 14.320க்குத் தொல்லை இராது. எனினும் 40 மீட்டரில் மாலை வேளைகளில் பேசுகிறவர்கள் 7.050க்குக் கீழே இறங்காமல் இருந்தால் போட்டியாளர்களுக்கு உதவியாக இருக்கும் என்று எங்கள் குழுவினருக்கு இன்று எழுதியிருக்கிறேன்.