நான் எதுவும் சொல்லவில்லை

நான் கல்லூரி கவுன்சிலர். என்னிடம் வரும் ஒரு மாணவியின் அம்மா போனில் கேட்டது மொத்தம் நாலு கேள்வி.

"உசுருக்கு ஒண்ணும் இல்லையே மேடம்?"

"இல்லம்மா."

"பரீட்சை பயமா?"

"அதெல்லாம் இல்லம்மா."

"ஹாஸ்டல்ல யாராச்சும் தொந்தரவு பண்றாங்களா?"

"இல்ல."

அப்புறம் குரலை இறக்கி, "பையன் யாராச்சும்...?"

"அதையெல்லாம் நான் சொல்லக் கூடாதும்மா."

மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது. இரண்டாவதும் அடித்து ஓய்ந்தபிறகுதான் "சரிங்க மேடம்" என்று வைத்தார்.

விதிப்படி பார்த்தால் நான் எதையும் உடைக்கவில்லை. பெண்ணுக்கு 19 வயது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, ரகசியம் காக்கப்படுவதைச் சிகிச்சை பெறுபவரின் உரிமை என்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, கோர்ட் உத்தரவு என்று சில விலக்குகள் உண்டு. (கல்லூரி கவுன்சிலர் அந்தச் சட்டத்துக்குள் வருவாரா என்பது தனி விவாதம்.) பெற்றவளின் கலக்கம் அந்த விலக்குகளில் இல்லை. ஆனாலும் முதல் கேள்விக்குப் பதில் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கேட்பவரிடம் வேறென்ன சொல்வது?

வினை அதற்குப் பிறகு. இரண்டுக்கும் மூன்றுக்கும் தாராளமாக 'இல்லை' சொன்ன வாய், நாலாவதுக்கு மட்டும் விதி பேசியது. அதைவிடத் தெளிவாக 'ஆமாம்' என்று சொல்ல முடியாது. பயிற்சியில் படித்ததுதான்: எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில். படித்ததெல்லாம் போனில் ஞாபகத்துக்கு வருகிறதா?

அதற்கும் 'இல்லை' என்றே சொல்லியிருக்கலாமோ? சில ராத்திரிகளில் அதுதான் சரியென்று படுகிறது. விடிந்தால், பொய் சொன்ன வாய் நாளைக்கு 'உயிருக்கு ஒன்றுமில்லை' என்றால் யார் நம்புவார்கள் என்று தோன்றும்.

வீட்டுக்குப் போய்த் திரும்பியவள் அடுத்த வாரம் வந்தாள். உட்கார்ந்ததுமே போனை மேசையில் கவிழ்த்து வைப்பது அவள் வழக்கம். அன்று கை வெறுமையாக இருந்தது. "அம்மா வாங்கி வச்சுக்கிட்டாங்க மேம். எப்படித் தெரிஞ்சுதுன்னே தெரியல. நீங்க ஒண்ணுமே சொல்லலன்னு அவங்களே சொன்னாங்க."

தலையாட்டினேன்.

வீட்டிலிருந்து போன் வந்தால் என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று இப்போதெல்லாம் முதல் நாளே பிள்ளைகளிடம் கேட்டு எழுதி வைக்கிறேன். அவளிடம் மட்டும் அந்த நாலு கேள்வியை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இறங்குவது அவள் பாரமா, என் பாரமா என்று தெரியவில்லை. அம்மா என்னிடம் பேசியதும் ரகசியம்தானே என்று ஒரு சாக்கும் கைவசம் இருக்கிறது.