தட்டியவுடன் ஒலிக்க வேண்டும்

ஆட்டிசம் உள்ள என் ஆறு வயது மகனைத் தொடுதிரைக் கருவிகளோடு நடக்கும் இசைச் சிகிச்சையில் சேர்த்து நான்கு மாதங்கள் ஆகின்றன. அவற்றில் முதல் ஐந்து வாரங்கள் வீணாகிப்போனதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

விசாரித்ததும் பணம் கட்டியதும் ஒரே நாளில் முடிந்தன. முதல் வகுப்புக்குக் குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் கிண்டி வந்து, அங்கிருந்து ஆட்டோவில் அடையாறு போய்ச் சேர்ந்தபோது, ஆட்டிசத்தின் அளவைக் கணிக்கும் ஐ.எஸ்.ஏ.ஏ. மதிப்பீட்டு அறிக்கையின் நகலில் மருத்துவரின் முத்திரை தெளிவாக இல்லை, அடுத்த வாரம் அசலைக் கொண்டுவாருங்கள் என்று வரவேற்பில் இருந்த அம்மையார் சொல்லிவிட்டார். மாற்றுத்திறனாளிகளுக்கான யூ.டி.ஐ.டி. அடையாள அட்டையைக் காட்டியும் பயனில்லை. ரயில், ஆட்டோ, மேளம் என்று படங்களை வரிசையாக ஒட்டி முந்தைய இரவே அவனைத் தயார்செய்திருந்தேன். கடைசிப் படம் நடக்கவேயில்லை. கிண்டி நடைமேடையில் அரை மணி நேரம் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். எந்தெந்தச் சான்றுக்கு அசல் வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த நான்கு வாரங்களைக் கெடுத்தது ஒரு ப்ளூடூத் ஒலிபெருக்கி. திரையில் உள்ள மேளத்தைக் குழந்தை தட்ட, எழும் தாளத்தைப் பிடித்துக்கொண்டு சிகிச்சையாளர் பாட, தன் கைக்கு மறுமொழி வருகிறது என்று குழந்தை உணர்வதுதான் இந்த முறையின் உயிர். இங்கோ ஒலி சற்றுப் பிந்தி வந்தது. நாம் பொருட்படுத்தாத அந்த இடைவெளியில் அவன் மறுபடியும் தட்டுவான், பிறகு எழுந்து போய்விடுவான். ‘ஒத்துழைக்கவில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். ஆறாம் வாரம் வந்த வேறொரு சிகிச்சையாளர் கம்பி வைத்த ஒலிபெருக்கியை மாட்டினார். தட்டினான், உடனே ஒலித்தது, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். பணம் கட்டும் முன்பே நீங்கள் ஒருமுறை தட்டிப் பாருங்கள். குழந்தை வேறு செயலிக்குத் தாவாதபடி திரையைப் பூட்டி வைக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

மழை நாட்களில் காணொளி வழியே வகுப்பு நடந்தபோது தம்பூரா ஒலி தேய்ந்து மறைந்துபோனது. விடாமல் ஒலிக்கும் சுருதியைச் செயலி இரைச்சல் என்று எண்ணி வடிகட்டிவிடுகிறது. அமைப்புகளில் இரைச்சல் குறைப்பை நிறுத்திய பிறகே சரியானது.

மூன்றே மாதத்தில் பேச்சு வரும் என்று அந்த மையத்தின் துண்டறிக்கை சொல்கிறது. அதை நம்பிச் சேர்க்காதீர்கள். ஒன்பது நாடுகளில் 364 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், ஐந்து மாத இசைச் சிகிச்சைக்குப் பிறகும் சமூகத் தொடர்பு சார்ந்த ஆட்டிச அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. 26 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2022ஆம் ஆண்டு மதிப்பாய்வு, ஒட்டுமொத்த முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் இது உதவக்கூடும் என்கிறது. இரண்டையும் படித்த பிறகு, பேச்சு எப்போது வரும் என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன்.

இப்போது ‘ச ரி க ம ப த நி’ என்று பாடி நிறுத்தினால், அடுத்து வர வேண்டிய மேல் ‘ச’வை அவனே தட்டுகிறான். சில நாட்களில் அதற்குப் பத்து விநாடிகூட ஆகும். அதுவரை யாரும் குறுக்கே பேசக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.