கொழும்பில் ஒரு ஜேர்மன் வகுப்பு: ஆசிரியரின் நாட்குறிப்பு

2025 மார்ச் 4, செவ்வாய்

வெள்ளவத்தை வகுப்பில் இம்மாதம் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஜேர்மனியிலுள்ள துணையிடம் செல்லக் காத்திருப்பவர்கள். வாழ்க்கைத்துணை விசாவுக்கு அடிப்படை மொழியறிவைக் காட்ட வேண்டும் என்ற விதி 2007இல் வந்தது. ஆகவே ஒரு குடும்பம் ஒன்றுசேர்வதே ஏ1 எனும் தொடக்கநிலை மொழிப் பரீட்சையில் தங்கியிருக்கிறது. இந்தப் பாரத்தோடு வாய் திறப்பவரின் நடுக்கத்தைச் சோம்பல் என்று சொல்வோரோடு என்னால் உடன்பட முடியாது.

மார்ச் 6, வியாழன்

யாழ்ப்பாணத்தில் கணிதம் கற்பித்த மாணவி ஒருவர், “எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் வருகுதில்லை ரீச்சர்” என்றார். எழுத்துப் பயிற்சியில் பிழை குறைந்த தாள் அவருடையதே. ஹோர்விட்ஸ் முதலான ஆய்வாளர் மூவர் 1986இல் வெளியிட்ட, 33 கூற்றுகள் கொண்ட அயல்மொழி வகுப்பறைப் பதற்ற அளவுகோலில், மற்ற மாணவர்கள் தன்னைவிட நன்றாகப் பேசுவதாக எப்போதும் தோன்றுகிறது என்ற பொருளில் ஒரு கூற்று உண்டு. மக்கின்டயர், நோயல்ஸ், கிளெமென்ட் ஆகியோரின் 1997ஆம் ஆண்டு ஆய்வில், பிரெஞ்சு கற்ற ஆங்கிலமொழியினருள் பதற்றம் மிகுந்தோர் தம் திறனை உள்ளதைவிடக் குறைத்தும், பதற்றம் குறைந்தோர் கூட்டியும் மதிப்பிட்டனர். மாணவர் தம்மைப் பற்றிச் சொல்வதை மட்டும் கேட்டு, பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாமா என்று முடிவுசெய்வது அநீதி.

மார்ச் 9, ஞாயிறு

வாய்மொழிப் பரீட்சையின் முதற்பகுதியில் பெயர், வயது, நாடு, வசிப்பிடம், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். இலக்கண நோக்கில் இதைவிட எளிய பகுதி இல்லை. ஆயினும் பலர் இங்கேதான் வாயடைத்துப் போகிறார்கள். ஒரு வகுப்பையே தன் சொல்லால் நடத்தி, பெற்றோருக்கும் அதிபருக்கும் நியாயம் எடுத்துச் சொல்லிப் பழகியவர், சிறு பிள்ளையின் வாக்கியங்களில் தம்மை அறிமுகம் செய்ய நேரும்போது, தாம் அறிந்த தம்மையும் எதிரே இருப்பவர் காணும் தம்மையும் பொருத்த முடியாமல் தவிக்கிறார். ஹோர்விட்ஸ் குழுவினரும் இந்த இடைவெளியைச் சுட்டியிருந்தார்கள். கணிதத்தில் தடுமாறுபவர் தம்மை விளக்கும் மொழியை இழப்பதில்லை. இங்கே இழப்பது அதைத்தான்.

மார்ச் 13, வியாழன், பௌர்ணமி

விடுமுறையாயினும் சிலர் வந்தார்கள். பின்னங்களைக் கூட்டும் முறையைப் பலகையில் எழுதி, தெரிந்த ஜேர்மன் சொற்களால் விளக்கும்படி கணிதம் கற்பித்த அந்த மாணவியைக் கேட்டேன். வினைச்சொற்கள் இடம் மாறின. முடியும்வரை எவரும் திருத்தவில்லை. ஓர் இளைஞர் சந்தேகம் எழுப்பியதும், அவர் தமிழுக்குத் திரும்பாமல், பகுதி எண்ணைக் காட்டி மறுபடியும் விளக்கினார். பதற்றம் தீர்ந்துவிட்டது என்று எழுதமாட்டேன். அடுத்த வகுப்பில் பெயரை எழுத்துக்கூட்டுவதும் தொலைபேசி இலக்கம் சொல்வதும். அறிமுகம் முடிந்ததும் பரீட்சகர் கேட்பவை அவை.