எந்த வள்ளலும் இறங்கி வரவில்லை

மூன்று நாள் சைக்கிள் பந்தயத் தொடருக்கு இன்னும் ஐந்து வாரம். நாங்கள் ஐந்து பேர்: இரண்டு ஆசிரியைகள், ஒரு வங்கி ஊழியர், ஒரு பல் மருத்துவர், அப்புறம் நான். சைக்கிளால் யாருக்கும் காலணா வருமானம் கிடையாது.

வார நாட்களில் விடியற்காலை நாலரைக்கு சென்னை ஈசிஆர், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலை. மாமல்லபுரம் வரை ஒருவர் பின்னால் ஒருவர், சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு முழம்கூட இடைவெளி இருக்காது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் வருகிறவருக்கு உழைப்பில் கால்வாசிக்கு மேல் மிச்சம். ஆனால் பிரேக்கைத் தொடும் முன் குரல் கொடுக்க வேண்டும். போன மாதம் நான் மறந்தேன். முழங்கை இன்னும் சாட்சி சொல்கிறது.

போன ஞாயிறு ஏலகிரி. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், புலவர்கள், வள்ளல்கள் பெயரில். மூன்று முறை ஏறினோம். ஒரு வள்ளலும் தேர் தரவில்லை!

உண்மையான சிக்கல் ஏற்றம் இல்லை, மறுநாள் காலை. முதல் நாள் சரியாகச் சாப்பிடாவிட்டால் இரண்டாம் நாள் கால் பேசாது. ஓட்டும்போது மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது கணக்கு. அதற்கென்றே விற்கும் சர்க்கரை ஜெல் பாக்கெட்டின் விலைக்கு பயந்து நாங்கள் வாழைப்பழமும் கடலைமிட்டாயும். 2022 பெண்கள் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் டச்சு வீராங்கனை அன்னெமீக் வான் ஃப்ளூட்டன் ஆரம்ப நாட்களில் வயிற்றுக் கோளாறால் துவண்டு, கடைசி இரண்டு கட்டங்களையும் வென்று பட்டத்தைத் தூக்கினார். எங்கள் பல் மருத்துவர் அதை வாரம் ஒருமுறை சொல்கிறார்.

யாரிடமாவது உபரி டியூப் இருந்தால் உள்பெட்டிக்கு வரவும்.